சார்ஜ் ஏற்றி உடுத்துகிறவர்

மானத்துக்கு உடுத்துகிறவர்கள், குளிருக்கு உடுத்துகிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கு வயிறெரிய வேண்டும் என்றே உடுத்துகிறவர்கள் என்று மூன்று ரகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டாயிரம் பிறந்த பிறகு நான்காவதாக ஒரு ரகம் நம் பக்கத்தில் முளைத்திருக்கிறது. இவர் சார்ஜ் ஏற்றி உடுத்துகிறவர். ஜவுளிக்கடையில் துணியைக் கசக்கிப் பார்க்க மாட்டார், சாயம் போகுமா என்று கேட்க மாட்டார். "எத்தனை மணி நேரம் நிக்கும்?" அவ்வளவுதான் அவர் கேள்வி. கல்யாண வீட்டில் பெண் மாப்பிள்ளையைத் தேடுவதற்கு முன்னால் பிளக் பாயிண்டைத் தேடுவார். கண்ணில் பாட்டுப் பாடும் கூலிங்கிளாஸ், காதில் நீல வெளிச்சம் சிமிட்டும் புளூடூத், கையில் கொசு விரட்டும் கடிகாரம், நடந்தால் குதிகாலில் விளக்கெரியும் ஷூ. அவரிடம் மணி கேட்டால் மட்டும் பாக்கெட்டிலிருந்து செல்போனை எடுத்துப் பார்த்துச் சொல்வார். கடிகாரத்துக்குக் கொசு வேலையே சரியாக இருக்கிறது.

சிவகாசியில் இந்த ரகத்துக்குக் காளீஸ்வரன் என்று பெயர். உங்கள் ஊரில் வேறு பெயர் இருக்கலாம். பட்டாசு முதலாளி சங்கரலிங்கத்தின் ஒரே மகள் சுகிர்தாவைக் கட்டியவர். நான்கு வருடமாக மாமனார் ஆபீஸில் மாமனாருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பக்கத்து நாற்காலிதான் அவருக்கு முள்ளாகக் குத்துகிறது. ஊரில் யாரும் அவரைக் காளீஸ்வரன் என்று சொல்வதில்லை, சங்கரலிங்கத்தின் மருமகன் என்றுதான் சொல்கிறார்கள். முதலாளி என்று ஒருவராவது கூப்பிட்டுவிட மாட்டார்களா என்று மனுஷன் ஏங்கிப்போய்க் கிடந்தார்.

அந்தச் சட்டை சிங்கப்பூர் சிநேகிதன் மூலம் வந்தது. கறுப்பு நைலான் துணி, நெஞ்சில் பச்சைக் கோடுகள். பக்கத்தில் யாராவது பேசினால் கோடுகள் எழும்பும், கத்தினால் கழுத்து வரைக்கும் ஏறும், பேச்சு நின்றால் அணைந்துவிடும். பேட்டரி உள்பையில் இருந்தது. தண்ணீர் படக் கூடாது என்பதால் துவைக்கவும் கூடாது. ஆகவே காளீஸ்வரன் வருவது தூரத்தில் வெளிச்சத்தாலும் கிட்டத்தில் வாசனையாலும் தெரிந்துவிடும்.

மல்லாங்கிணறு ஊரில் ஒரு காதுகுத்து வீட்டில் சாயங்காலப் பந்தியின்போது கரண்ட் போய்விட்டது. ஊரே இருட்டில் கிடக்க, காளீஸ்வரன் நெஞ்சு மட்டும் பச்சையாக எரிந்தது. உடனே அவரை நடுப்பந்தியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். "மாப்ளே, பேச்ச நிப்பாட்டாதீக. நீங்க பேசுனாத்தான் சாம்பார் எங்க விழுதுன்னு தெரியுது" என்றார் பரிமாறியவர். முக்கால் மணி நேரம் பேசினார். அதைப் பாராட்டு என்றுதான் அவர் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு நல்ல காலம் வந்தது. இரண்டாயிரத்து ஏழில், தீபாவளி சீசனுக்கு முன்னால் மாமனார் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, சேலத்து வியாபாரி லட்சுமிகாந்தம் ஆர்டர் குடுக்கதுக்கு முன்னால விஸ்வநத்தத்துல இருக்க நம்ம பட்டாசுக் கம்பெனியச் சுத்திப் பாக்கணும்னு சொல்றாரு. நீங்களே கூட்டிட்டுப் போங்க. நல்லபடியா முடிஞ்சா அந்தக் கம்பெனி இனிமே உங்க பொறுப்பு."

மறுநாள் காலையில் சுகிர்தா பருத்திச் சட்டையைத் தேய்த்து வைத்திருந்தாள். காளீஸ்வரன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சேலத்துக்காரரு ஆயிரம் பருத்திச் சட்ட பாத்திருப்பாரு. இதப் பாத்திருப்பாரா?" என்றார். வெளிச்சம் விற்கிறவன் நெஞ்சில் வெளிச்சம் வேண்டாமா என்பது அவர் கட்சி. சுகிர்தாவும் அவரோடு காரில் ஏறிக்கொண்டாள்.

பட்டாசுக் கம்பெனிக்குள் என்னென்ன கொண்டுபோகக் கூடாது என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். 'நைலான் உடை, செல்போன், பேட்டரி அனுமதி இல்லை' என்று கேட்டில் தொங்கும் போர்டை எழுதச் சொன்னவரே அவர்தான். எழுத்து சிவப்பில் இருக்க வேண்டுமா மஞ்சளிலா என்று பெயிண்டரோடு இரண்டு நாள் மல்லுக்கட்டியவர். ஆனால் போர்டு என்பது படிக்கிறவர்களுக்கு, எழுதச் சொன்னவருக்கு இல்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பு இல்லாத முதலாளி வீட்டு மாப்பிள்ளை எந்த ஊரில் இருக்கிறார்?

கேட்டில் சோதனை பார்ப்பவள் பொன்னுத்தங்கம். லட்சுமிகாந்தம் கதர்ச் சட்டையில் வந்திருந்தார். செல்போனை மரப்பெட்டியில் போட்டார், செருப்பைக் கழற்றினார், உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்குவதற்காகப் பதித்திருக்கும் செப்புத் தகட்டைத் தொட்டார், நின்றார். ஒரு நிமிஷம் ஆகவில்லை. காளீஸ்வரன் கூலிங்கிளாஸ், புளூடூத், கடிகாரம், இரண்டு செல்போன், ஷூ என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வைக்கப் பெட்டி மூட முடியாமல் போனது.

"சட்டையும் கழத்துங்க, ஐயா" என்றாள் பொன்னுத்தங்கம். நெஞ்சில் ஒரு கோடு எழும்பியது.

"இது சட்டை. செல்போன் இல்ல."

"பேட்டரி இருக்குல்ல?"

"பேட்டரிய எடுத்துட்டா?"

"சட்டத் துணியும் பேண்ட்டும் நைலான்தானே. உரசுனா பொறி வரும்னு ஒங்க போர்டுதான் சொல்லுது."

அவர் குரலை உயர்த்தினார். அவளும் உயர்த்தினாள். கோடுகள் கழுத்தைத் தொட்டன. அந்த நேரம் பார்த்துக் கம்பெனி வேன் வந்து நின்றது. இறங்கிய பெண்கள் உள்ளே போவதை மறந்து சுற்றி நின்றார்கள். "யக்கா, இன்னொரு வாட்டி வையி! தாடை வரைக்கும் ஏறுதான்னு பாப்போம்!" என்று ஒருத்தி கத்த, அதற்கும் ஏறியது. சிரித்தார்கள், அதற்கும் ஏறியது. லட்சுமிகாந்தம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான் யாருன்னு தெரியுதா? நாளைலேர்ந்து இந்தக் கம்பெனிக்கு..."

"நாளைக்கு வேலைய விட்டு நிப்பாட்டிக்கோங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன்" என்றாள் பொன்னுத்தங்கம். "இன்னைக்கு உள்ள எம்மக வெடிக்கு மருந்து செலுத்திக்கிட்டு இருக்கா."

பெண்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். வேன் டிரைவர்கூட இஞ்சினை நிறுத்தினான். சட்டை அணைந்தது.

போர்மேன் பலவேசம் நல்ல மனுஷர். ஓடிப்போய்க் கொடியில் காய்ந்த தன்னுடைய லுங்கிச் சாரத்தையும் பருத்திச் சட்டையையும் எடுத்துவந்து நீட்டினார். "தொவச்சதுதான். உடுத்திக்கிட்டு வாங்க, அரை மணி நேரத்துல முடிஞ்சிரும்." கட்டம் போட்ட சாரம், மேல் பித்தான் இல்லாத சட்டை. நீங்களும் நானும் என்றால் வாங்கிச் சுற்றிக்கொண்டு உள்ளே போயிருப்போம். அந்தச் சாரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியே இருந்தது. நான்கு வருட ஏக்கம் இருந்தது. காளீஸ்வரன் சாரத்தைப் பார்த்தார், சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தார், குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார்.

"நீங்க பாத்துட்டு வாங்க. நான் வெளிய இருந்து மேற்பார்வை பாத்துக்கிடுதேன்" என்றார்.

காரில் உட்கார்ந்திருந்த சுகிர்தா இறங்கினாள். பருத்திச் சுங்குடிச் சேலை. கொண்டை ஊசியைக் கழற்றிப் பெட்டியில் போட்டாள், தகட்டைத் தொட்டாள், லட்சுமிகாந்தத்தை அழைத்துக்கொண்டு உள்ளே போனாள். எந்த அறையில் என்ன ஓடுகிறது, எந்த மாதம் எத்தனை லோடு அனுப்ப முடியும் என்று அவளுக்குத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. ஒன்றரை மணி நேரம் காளீஸ்வரன் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். மரத்தில் ஒரு காக்கை கரையும்போதெல்லாம் அவர் நெஞ்சில் ஒரு கோடு எழும்பி விழுந்தது.

ஆர்டர் கிடைத்தது. சாயங்காலம் சங்கரலிங்கம் விஸ்வநத்தம் சாவியை மகள் கையில் கொடுத்தார். "வருத்தப்படாதீக மாப்பிள்ளை, நாற்காலி இங்கனயேதான் இருக்கு" என்றார். வலிக்காமல் இருக்குமா? வலித்தது. அன்றிரவு காளீஸ்வரன் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சலூனில் உட்கார்ந்து, பெண்டாட்டிக்குக் கம்பெனியை விட்டுக்கொடுத்த தன் பெருந்தன்மையைப் பற்றி முடிவெட்டுகிறவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்து முதுகில் மின்விசிறி வைத்த கோட்டு ஒன்று ஜப்பானிலிருந்து வருகிறதாம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் இடுப்பு பெல்ட்டில், தோல் உறைக்குள், கிளிப் மாட்டி, நாலு பேர் பார்க்க வேண்டும் என்றே சட்டைக்கு வெளியே தொங்குகிறதே, அது என்னவென்று கொஞ்சம் தொட்டுப் பாருங்கள். இல்லை, என்னிடம் அப்படி எதுவும் இல்லை என்கிறீர்களா? நல்லது. கழற்று என்று ஒருத்தி சொல்லும்போது கழற்ற முடியாத ஏதோ ஒன்று எல்லோர் உடம்பிலும் இருக்கிறது, பேட்டரி போட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த நேரம் வந்தால், வேப்பமரத்தடிக்குச் சீக்கிரமாகப் போய்விடுங்கள். அங்கே நிழலுக்கு அடிதடி.