வெயில் வேறு, மெஷின் வேறு, மச்சான்!

சதுரங்கப்பட்டினம்,
ஞாயிறு மாலை.

செய்யூரில் வாசம் செய்யும் மச்சான் பெஞ்சமினுக்கு, உன் அக்காள் புருஷன் பூபாலன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நாங்கள் இருக்கிறோம். நீயும் நலமாயிருப்பாய், அடுத்தவனைப் பேஜாராக்கிவிட்டு நீ எப்போதும் நலமாய்த்தான் இருக்கிறாய்.

உன் அக்காள் ரெஜினாவுக்கு மார்பில் கட்டியை எடுத்த பிறகு, புற்றுநோய் திரும்பாமலிருக்கக் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்று செங்கல்பட்டில் டாக்டர் சாருலதா சொன்னார். அவளும் சரியென்றுதான் இருந்தாள். அப்போதுதான் ஆரஞ்சுப் பழத்தோடு நீ வந்தாய். வெயில் பட்டால் அவளுக்குத் தோல் தடித்து அரிக்கும் என்பது ஊருக்கே தெரியும். நீ அதைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஒனக்கு வெயிலே ஆவாது. மெஷின்ல கதிரு வுட்டா கருவாடு ஆயிடுவே" என்றாய். பழத்தை வைத்துவிட்டு நீ கிளம்பிவிட்டாய். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குறித்த நாளில் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றாள். நான் கதவுக்கு வெளியே நின்று கெஞ்சினேன். புற்றுநோய் கதவுக்கு வெளியே நிற்குமா, மச்சான்?

கடைசியில் கம்பளியைப் போர்த்தி, குடையைப் பிடித்து, இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா தோல் டாக்டரையும் கலந்து பேசிவிட்டு பொறுமையாகச் சொன்னார்: "வெயில்ல இருக்கிற ஒளி வேற, இந்தக் கதிர் வேறம்மா. சில தோல் நோய்க்கு ரொம்ப யோசிச்சுத்தான் குடுப்போம். உங்களுக்கு இருக்கிற அலர்ஜிக்குக் குடுக்கலாம். பட்ட இடம் கொஞ்சம் சிவக்கும், அது எல்லாருக்கும் வர்றதுதான்." சிகிச்சை ஆரம்பமாயிற்று. படுத்தாள், எழுந்தாள், வலிகூட இல்லை.

ஒருநாள் நான் குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் உச்சி வெயிலில் நின்றதில், வூடு வந்து சேர்வதற்குள் கை, கழுத்தெல்லாம் தடிப்பு. உனக்குப் போன் போட்டாள். "நான் அப்பவே சொல்லல? நிறுத்திடுக்கா" என்றாய். மறுபடி கதவு! டாக்டரம்மாவே போனில் பேசி வரவழைத்துப் பார்த்தார். மெஷின் பட்ட மார்பு லேசாகச் சிவந்ததோடு சரி. வெயில் பட்ட கைதான் தடித்துக் கிடந்தது. உடனே உன் அக்காள் என் பக்கம் திரும்பி, "கொடைய வுட்டது யாரு?" என்றாள். நீ உளறியதற்கும் எனக்குத்தான் திட்டு.

நீ கார் ஓட்டுகிறவன். உன் கார் இஞ்சினைப் பற்றி நான் என்றைக்காவது வாய் திறந்திருக்கிறேனா? இனி என் வாசலை மிதிக்காதே. போனும் பண்ணாதே.

உன் மனைவி அனுவுக்கு எங்கள் ஆசீர்வாதம், பிள்ளைகளுக்கு முத்தம். உனக்கு ஒன்றும் இல்லை.

கொதிப்புடன்,
பூபாலன்

பி.கு.: இதை ரெஜினாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவன் பயந்துகினு ஒளர்றான்யா. எங்கம்மா போனதும் இதே நோவுலதானே" என்றாள். பிறகு, "மிச்ச நாளு ஆஸ்பத்திரிக்குப் போவ பஸ் ஸ்டாண்டுல இனிமே நிக்கமாட்டேன். அவனையே காரு எட்த்துகினு வரச் சொல்லு" என்றாள். ஆகவே, கடிதம் கண்டதும் கிளம்பு. ஜன்னலுக்குத் திரை போட்டுக்கொண்டு வா. நாஸ்தா இங்கேதான். வாயை மட்டும் செய்யூரிலேயே வைத்துவிட்டு வா.