ஸ்பாஞ்சின் மேல் அண்ணன்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நானும் நலம்தான், உட்கார்ந்திருக்கும்வரை. மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். பிசியோதெரபிக்குப் போயே ஆக வேண்டும் என்று நீ ஒற்றைக் காலில் நின்றாய்; இப்போது நிஜமாகவே நிற்பது நான். இந்தக் கால் நரம்புக் கோளாறு அப்பா வழி வந்தது, மாற்ற முடியாது, ஆனால் விழாமல் இருக்கப் பழகலாம் என்று டாக்டர் சொன்னதை நம்பிப் போனால், அங்கே பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு ஸ்பாஞ்சைத் தரையில் போட்டு, "ஏறி நில்லுங்க சார், இப்ப கண்ண மூடுங்க, பாதத்துக்குக் கீழ எப்படி இருக்குன்னு உணருங்க" என்கிறாள். உணர்ந்தால் நான் ஏனம்மா அங்கே போகிறேன்? மூடினேன். திறந்தபோது பக்கத்தில் கம்பியைப் பிடித்து நடந்துகொண்டிருந்த பெரியவரின் சட்டைக் காலர் என் கையில் இருந்தது. "விடுய்யா, நானே பிடிமானம் தேடித்தான் வந்திருக்கேன்" என்று கத்தினார்.

வீட்டிலும் செய்ய வேண்டுமாம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கினால், உன் அண்ணி கோழி பிடிப்பவள் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னால் நிற்கிறாள். "பயப்படாம விழுங்க, நான் இருக்கேன்" என்று தைரியம் வேறு. அவளைத் திரும்பிப் பார்த்ததில்தான் விழுந்தேன். அழுக்குத் துணிக் கூடை காப்பாற்றியது.

(நடுவில் எழுந்து சுவரைப் பிடித்தபடி ஒரு சுற்று வந்தேன். இருப்புக் கொள்ளவில்லை.)

நேற்றுதான் உச்சம். உள்ளே போய் நிற்கிறேன், அந்தப் பெண் என் காலையே பார்க்கிறாள். "இன்னொரு செருப்பு எங்க சார்?" வழியில் எங்கேயோ கழன்றிருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா சுவரைத் தடவிக்கொண்டே நடப்பாரே, பெயிண்டர் ஆயிற்றே, பூச்சு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார் என்றுதானே நாம் நினைத்தோம்.

போதும். இனி அந்தப் பக்கம் போகமாட்டேன். அவள் உன் தோழியின் மகள்தானே, நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

எல்லோரும் கால் தடுக்காமல் தடுமாறாமல் இருக்க வாழ்த்தும்,
உன் அண்ணன்.

பின்குறிப்பு: போன மாதம் நீ வந்துபோன பிறகு எங்கள் மாடிப்படியில் உன் செருப்பு ஒன்று மட்டும் கிடந்தது. நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "எனக்கெல்லாம் ஒண்ணுமில்லண்ணா" என்று நீ சொன்னதை நம்பத்தான் எனக்கும் ஆசை. ஆனால் பயமாக இருக்கிறது. மேலே எழுதியதையெல்லாம் விட்டுத்தள்ளு. வியாழக்கிழமை வா. பக்கத்தில் இன்னொரு ஸ்பாஞ்சு போடச் சொல்கிறேன். நீ விழுந்தால் நான் பிடித்துக்கொள்கிறேன். நான் விழுந்தால் அந்தப் பெரியவர் இருக்கிறார்.