எலக்ட்ரானுக்கு அழகு வட்டம்

மனித குலத்தின் மாபெரும் அறிவியல் சாதனைகள் யாவும் கூட்ட அறைகளில்தான் நிகழ்கின்றன. ஆய்வுக்கூடம் என்பது அங்கே நாற்காலி கிடைக்காதவர்கள் போய் நிற்கும் இடம்.

அப்படி நின்றவர்களில் ஒருத்தி, ஒரு துகள் முடுக்கி நிலையத்தின் பொறியாளர். எலக்ட்ரான் கற்றைக்கு வடிவம் கொடுப்பது அவள் வேலை. வருடக்கணக்காகக் காந்தங்களோடு மல்லுக்கட்டி, முன்னே ஒல்லியும் பின்னே குண்டுமாக ஒரு கற்றையை உருவாக்கியிருந்தாள். அப்படிப் போனால்தான் அது தன் பின்னால் வரும் கற்றைக்கு வேகத்தை வாரிக் கொடுக்கும். சோதித்துப் பார்க்க மிச்சமிருந்தது ஒரே நாள். அதன்பின் பராமரிப்புக்காக இயந்திரத்தை ஒரு வருடம் மூடுகிறார்கள். அந்த நாளில்தான் அமைச்சர் வருகிறார்.

நிலைய இயக்குநர் திரையில் தெரிந்த கற்றையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, கத்திரிக்காய் மாதிரி?"

"அப்படி இருந்தாத்தான் சார் வேலை செய்யும்."

"செய்யட்டும், யார் வேணாம்னா? பார்க்க லட்சணமா இருக்க வேணாமா? வட்டமா வையுங்க."

"வட்டமா வச்சா என் சோதனை போச்சு சார்."

"அமைச்சர் மனசு கோணிட்டா நிலையமே போச்சு!"

விஷயத்தின் 'உயர் முக்கியத்துவம்' கருதி உடனே 'கற்றை அழகியல் துணைக்குழு' கூடியது. எலக்ட்ரானைப் பற்றி எதுவும் தெரியாதவர்களாகப் பார்த்துத்தான் உறுப்பினராக்கியிருந்தார்கள், பாரபட்சம் கூடாதல்லவா? வட்டமேசையைச் சுற்றி அமர்ந்த குழு ஏகமனதாக வட்டத்தையே தேர்ந்தெடுத்தது. மேசை சதுரமாக இருந்திருந்தால் எலக்ட்ரானின் கதி என்ன ஆகியிருக்குமோ!

அவள் கணவனுக்குப் போன் போட்டாள்.

"வேலையை விட்டுடட்டுமா?"

"விடு. ஆனா வீட்ல உனக்கு வளைக்க எலக்ட்ரான் இல்லையே. என்னை ஏற்கெனவே வளைச்சாச்சு."

சிரிப்பு வரவில்லை. போனை வைத்துவிட்டுக் காந்தங்களைத் திருத்தினாள். திரையில் கத்திரிக்காய் மெல்ல மெல்ல உருண்டு வட்டமானது.

அமைச்சர் வந்தார். திரையைப் பார்த்தார். பூரித்தார்.

"அடடா, நிலா மாதிரி இருக்கே! இதை இப்படி வளைக்க ரொம்பக் கஷ்டமாம்மா?"

"எலக்ட்ரான் லேசுல வளையாதுங்க ஐயா. பெரிய பெரிய காந்தமா வைக்கணும். நாங்க அப்படி இல்ல. நீங்க வர்றீங்கன்னு ஒரு போன் வந்தாலே போதும்."

இயக்குநரின் முகம் வெளிறியது. அமைச்சரோ அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு கைதட்டினார். அடுத்த கணம் அறையே தட்டியது. எல்லோரையும்விடப் பலமாக இயக்குநர். கொஞ்சம் தாமதமாக அவளும் தட்டினாள்.