எதற்குத் தலையாட்டினேன்?

மாண்புமிகு மாப்பிள்ளை அவர்களுக்கு,

(மாண்புமிகு என்று கை தானாக எழுதிவிட்டது. நீதிமன்றப் பழக்கம். அடிப்பதற்கு மனம் வரவில்லை, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.)

தாங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே தங்கள் மாமியார் நலம். மிக நலம். இவ்வளவு நலமாக நான் அவளைப் பார்த்து வருடக் கணக்காகிறது. என் கவலையே அதுதான்.

தாங்கள் வேலை பார்க்கும் இணையப் பத்திரிகைக்காக, வெளிச் சத்தத்தை அடக்கும் ஒயரில்லாத இயர்பட் ஒரு ஜோடி அனுப்பி, "மாமா, சின்னப் பசங்க எழுதுறத எல்லாரும் போடுறாங்க. வீட்டோட இருக்குற ஒரு மனுஷனுக்கு தினசரி உபயோகத்துக்கு இது எப்படின்னு நீங்க ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்று கேட்டிருந்தீர்கள். பணிக்காலம் முழுவதும் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக உட்கார்ந்து, வக்கீல் இருமினால் இருமலைக்கூட விடாமல் எழுதியவன் நான். ஒரு பக்கமா பெரிது என்று ஒப்புக்கொண்டேன். அந்த ஒரு பக்கம் இப்படிப் பல பக்கமாக நீண்டு, அதுவும் தபாலில் வருகிறதே என்று யோசிப்பீர்கள். போனில் பேசினால் பக்கத்து அறையில் தங்கள் மாமியார் காதில் விழும். அவள் காது நல்ல காது.

முதலில் பொருளைப் பற்றி நடுநிலையோடு சொல்லிவிடுகிறேன். பாதி சோப்புக் கட்டி அளவுக்கு ஒரு டப்பி. உள்ளே வெள்ளையாக இரண்டு உருப்படிகள். காது மாற்றிப் போட்டால் உடனே விழுகின்றன, சரியாகப் போட்டால் கொஞ்சம் பொறுத்து விழுகின்றன. கூட வந்த ரப்பர் குல்லாய்களை மாற்றி மாற்றிப் பார்த்ததில், என் வலது காது நடுத்தரம், இடது காது பெரியது என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன். தங்கள் மாமியாரிடம் இதைச் சொன்னதற்கு, "ரெண்டும் கேக்காத காதுதான, எந்த சைசா இருந்தா என்ன?" என்றாள். மாட்டியவுடன் ஒரு பெண்குரல் ஏதோ சொல்லி வரவேற்கிறது. பிறகு உலகம் அப்படியே அமுங்கிப் போகிறது. மின்விசிறி நின்றுவிட்டதோ என்று அண்ணாந்து பார்த்தேன், அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. "கரண்ட் போச்சா?" என்று நான் கேட்டது தெருமுனை வரை கேட்டதாம். நம் குரல் நமக்கே சரியாகக் கேட்காததால் கத்தித் தொலைக்கிறோம் என்பதை வாசகர்களுக்குத் தெரிவிக்கவும். எதிர்வீட்டு மிக்ஸி, மாடிவீட்டில் நாற்காலி இழுக்கும் ஓசை, தெருவில் குழி தோண்டும் இயந்திரம், எல்லாம் போயே போச்சு. கூடவே குக்கர் விசிலும் போய்விட்டது என்பது கருகல் வாசனை வந்த பிறகுதான் தெரிந்தது. விசில் எண்ணுவது ஒன்றுதான் இந்த வீட்டில் என்னை நம்பி விட்டிருந்த வேலை, அதுவும் பறிபோனது. இன்னொரு குறை, காதைச் சொறிந்தால் கடைசியாகப் பேசிய எண்ணுக்கு அதுவாகவே போன் போட்டுவிடுகிறது. எனக்கு அடிக்கடி காது அரிக்கும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறது.

குக்கர் கருகிய அன்று, வசவுக்குப் பயந்து என் அறையில் போய் உட்கார்ந்து, இயர்பட்டை மாட்டிக்கொண்டு பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். தங்கள் மாமியார் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எதிரில் நின்றாள். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. ஆகா, பொருள் என்னமாய் வேலை செய்கிறது என்று உள்ளூர மெச்சிக்கொண்டேன், மடையன். கழற்றியிருக்கலாம். கழற்றினால், "அப்ப இவ்வளவு நேரம் நான் பேசுனது காதுல விழலையா?" என்று தனி வழக்கு ஆரம்பமாகும். அதனால் தலையாட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து பழகிய தலை, எங்கே இடைவெளி விடவேண்டும், எங்கே ஆடவேண்டும் என்று அதற்கே தெரியும். அவள் முகம் கொஞ்சமும் மாறாமல், நிதானமாக, ஒரே சீராகச் சொல்லிக்கொண்டே போனாள். ஏதோ பெரிய விஷயம் என்று மட்டும் புரிந்தது. கருகிய குக்கருக்குப் பரிகாரமாக இருக்கட்டும் என்று, "தாராளமா! உன் இஷ்டம்!" என்று ஒரே போடாகப் போட்டேன். அவள் நிறுத்தினாள். பிறகு ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை தச்சர் வாசலில் நிற்கிறார். "என்னப்பா?" என்றேன். "நீங்கதானய்யா போன் போட்டீங்க? நாலஞ்சு தடவ வந்துச்சு. எடுத்தா பேச்சே இல்ல, மூச்சு விடுற சத்தம் மட்டும் கேக்குது. ஐயாவுக்கு ஏதோ அவசரம்னு ஓடியாந்தேன்" என்றார். போன வாரம் குளியலறைக் கதவுக்காக நான் கடைசியாகப் பேசியது அவரிடம். என் காது, என் விரல், யாரை நோவது? அதற்குள் தங்கள் மாமியார் வந்து, "அட, நீங்களே கூப்பிட்டுட்டீங்களா!" என்று வாயெல்லாம் பல்லாக அவரை என் அறைக்கே அழைத்துப் போனாள். அவர் சுவரை அளந்தார், ஜன்னலை அளந்தார், என் மேசையை எடுத்துவிட்டு அந்த இடத்தை அளந்தார். "ஐயாவுக்குச் சம்மதம்தானுங்களே?" என்று கேட்டார். "அவரு நேத்தே தாராளமான்னுட்டாரு" என்றாள் அவள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

எதற்குச் சம்மதித்தேன் என்று அவளையே கேட்டால் என்ன என்பீர்கள். எப்படிக் கேட்பது? "நான் பேசுறத நீங்க என்னைக்குமே கேட்டதில்ல" என்று அவள் குறைபடும்போதெல்லாம், நீதிபதி முணுமுணுப்பதையே எழுதியவனைப் பார்த்தா இந்தக் கேள்வி என்று மார்தட்டி வந்திருக்கிறேன். இப்போது போய்க் கேட்டால் என் தொழிலே பொய்யாகிவிடும்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. என் பழைய பத்திரிகைக் கட்டுகளைப் பழைய பேப்பர்க்காரர் இரண்டு நடை ஏற்றிப் போனார். அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. என் நாற்காலி நடைவழிக்கு வந்துவிட்டது. இந்தக் கடிதத்தைக்கூட நடைவழியில் கிடக்கும் பழைய தையல் மிஷினின் மூடி மேல் வைத்துத்தான் எழுதுகிறேன். இத்தனை காலம் என் பத்திரிகைகளைச் சுமந்துகொண்டிருந்த மிஷின், இப்போதுதான் அதன் மூடியையே பார்க்கிறேன். எழுத வாட்டமான உயரம், முட்டி மட்டும் இடிக்கிறது. மாடிவீட்டு அம்மா படியிறங்கும்போது என்னைப் பார்த்து, "உங்கள மாதிரி மனசு யாருக்கு வரும்! எங்க வீட்ல கேட்டா எரிஞ்சு விழுவாரு" என்றார். "எதச் சொல்றீங்க?" என்று மெல்லத் தூண்டில் போட்டேன். "பாத்தீங்களா, செஞ்சத வெளிய சொல்லிக்கக்கூட மாட்டேங்குறாரு!" என்று இன்னும் புகழ்ந்துவிட்டுப் போய்விட்டார்.

நேற்று பரண் மேலிருந்து பெரிய பெட்டி இறங்கியது. சந்தேகப்பட்டுத் திறந்து பார்த்தேன். முதலில் அவள்தான் மகள் வீட்டுக்குப் போகப் போகிறாளோ என்று நினைத்திருந்தேன். பெட்டியில் இருந்தவை என் சட்டைகள், மாப்பிள்ளை. என்னுடைய எல்லாச் சட்டைகளும். ஆகவே போகப்போகிறவன் நான். எங்கே என்பதுதான் தெரியவில்லை. குறுக்கு விசாரணை செய்து பார்த்தேன். "அன்னைக்குப் பேசுனோமே, அது எப்பன்னு முடிவு பண்ணோம்?" என்றேன். "எப்பன்னு நீங்கதான சொல்லணும்?" என்றாள். "அதுல ஏதாவது மாத்தணும்னா..." என்று இழுத்தேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "மாத்தணுமா?" என்றாள். ஒரு எழுத்துக்கூட மாற்றவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எத்தனை சாட்சிகள் கூண்டில் இப்படி விழித்ததை எழுதியிருக்கிறேன்!

இயர்பட்டை டப்பியில் போட்டு மூடியாயிற்று. வாய்தவறி ஒரு துப்பாவது கொடுக்கமாட்டாளா என்று அவள் பின்னாலேயே அலைகிறேன். பாத்திரம் துடைக்கிறேன், துணி மடிக்கிறேன், அவள் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறேன். துப்பு கிடைக்கவில்லை. ஆனால் அவளுக்கு முட்டி வலி இருப்பது தெரிந்தது. பாத்திரம் கழுவும்போது மெல்லிய குரலில் பாடுவாள் என்பதும் தெரிந்தது. நன்றாகவே பாடுகிறாள். இது இத்தனை வருடமாக எனக்கு அடுத்த அறையில் நடந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. இந்தக் குரல் கேட்காத இடத்தில் கொண்டுபோய் விட்டால் நான் என்ன செய்வேன்? எனக்கு எந்த அமைதியும் வேண்டாம்.

ஆகவே என் மகளை விட்டு, பட்டும் படாமலும் அவள் அம்மாவிடம் விசாரித்து, நான் எதற்குச் சம்மதித்தேன், எங்கே போகிறேன், திரும்பி வருவேனா என்ற மூன்றையும் தெரிவிக்க வேண்டுகிறேன். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். விமர்சனத்துக்கு ஒரே வரிதான்: சத்தத்தை நன்றாக அடக்குகிறது, குடும்பஸ்தர்கள் வாங்கவேண்டாம்.

இனி எந்த முகவரியில் இருந்தாலும் தங்கள் இருவரையும் வாழ்த்திக்கொண்டிருக்கும்,
தலையாட்டியே கெட்ட,
தங்கள் மாமா.

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை எழுதுவது. உங்கள் மாமா கடிதத்தை மிஷின் மேலேயே வைத்துவிட்டு உறை வாங்கப் போயிருக்கிறார். எழுதியதை அவர் திரும்பிப் பார்ப்பதில்லை, நானே மடித்து உறைக்குள் போட்டு ஒட்டிவிடுவேன். அன்றைக்கு நான் அவரிடம் ஒன்றுமே கேட்கவில்லை. குக்கரைக் கருக்கிவிட்டுக் காதில் வெள்ளையாக எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, கேட்கிறதா பார்ப்போம் என்று குரல் விடாமல் வாயை மட்டும் அசைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். நாலுக்குத் தலையாட்டினார். ஏழுக்கும் ஆட்டினார். பதினாறு வந்தபோது "தாராளமா! உன் இஷ்டம்!" என்றார். சிரிப்பை அடக்க முடியாமல்தான் வெளியே போனேன். மறுநாள் தச்சர் வந்து நின்றதும், சொன்னது சொன்னதுதானே என்று எனக்கும் துணிச்சல் வந்தது. ஜன்னல் வெளிச்சம் விழுகிற அந்த அறையில் என் தையல் மிஷினைப் போட்டுக்கொள்கிறேன் என்று எத்தனையோ வருடமாகக் கேட்டிருக்கிறேன். வாய்விட்டுக் கேட்டபோதெல்லாம் தலையாட்டிவிட்டு மிஷின் மேல் இன்னொரு கட்டுப் பத்திரிகையை வைப்பார். சட்டைகள் பெட்டியில் இருப்பது அலமாரிக்குப் பெயின்ட் அடிப்பதால். அவரை எங்கே அனுப்புவது, யார் வைத்துக்கொள்வார்கள்? அறை தயார், இன்றைக்கே மிஷினை உள்ளே போட்டிருக்கலாம். ஆனால் எந்த முட்டியில் வலி என்று நேற்று கேட்டார், மாப்பிள்ளை. பதில் சொல்லி முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். விஷயம் தெரிந்துவிட்டால் பழையபடி ஆகிவிடுவார். அதனால் மிஷின் இன்னும் கொஞ்ச நாள் நடைவழியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நீங்களும் பதில் போட அவசரப்பட வேண்டாம்.