நாலாம் எண் மாதிரி

நெருப்பு, சக்கரம் ஆகிய இரண்டுக்கும் அடுத்தபடியாக மனித குலத்தை முன்னேற்றியது என்னுடைய இடது காது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இன்றைய தேதியில் பதினொரு நாடுகளில் அதை ஆராய்கிறார்கள். வலது காதை ஒருவரும் சீந்தவில்லை. அதற்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

என் பெயர் ஆரோக்கியசாமி. அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டி, ஆத்தூர் சாலையில், மரவள்ளிக் காட்டுக்கு நடுவே எழும்பியிருக்கும் ஒரு கல்லூரியில் காண்டீன் நடத்துகிறேன். அங்கே தமிழரசு என்று ஒரு பேராசிரியர். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர், திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். கண்ணால் கண்ட சாட்சிகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது அவருடைய ஆராய்ச்சி. அதற்காகப் போன வருடம் நாற்பது பொதுமக்களைத் திரட்டினார். சமூக அக்கறை மிகுந்தவர்கள். பிரியாணி உண்டா என்று மூன்று முறை கேட்டுத் தெளிந்த பிறகே வந்தார்கள்.

நாற்பது பேருக்கும் என் கையால் டீ கொடுத்தேன். குடித்து முடிப்பதற்குள் குரங்குக் குல்லாய் போட்ட ஒருவன் மேடையேறி, பேராசிரியரின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஏற்பாடு செய்த திருட்டு. மொத்தம் பத்து விநாடி.

அடுத்தது 'அடையாள அணிவகுப்பு'. ஆறு பேரை நிறுத்த வேண்டும். ஐந்து பேர்தான் தேறினார்கள். பேராசிரியர் என்னைப் பார்த்தார்.

"சும்மா நின்னாப் போதுமுங்க. விஞ்ஞானத்துக்காக."

"அடுப்புல பால் இருக்கு சார்."

"அணைச்சுட்டு வாங்க. விஞ்ஞானம் காத்திருக்காதுங்க."

நாலாவதாக நின்றேன். உண்மையான 'திருடன்' அந்த வரிசையிலேயே இல்லை. அதுதான் ஆராய்ச்சியின் சூட்சுமம். 'இதில் யாரும் இல்லை' என்று எழுதினால் சரியான விடை. நாற்பது பேரும் ஒவ்வொருவராக வந்தார்கள், உற்றுப் பார்த்தார்கள், என்னிடம் வந்ததும் முகம் மலர்ந்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் எங்கேயோ பார்த்த முகம் அல்லவா?

"இந்த நாலாவது ஆள் மாதிரி இருந்துச்சுங்க," என்றார் இளம்பிள்ளை ஊரில் சேலை வியாபாரம் பார்க்கும் ஓர் அம்மாள். "அந்தக் காதைப் பாருங்க. திருட்டுக் காது."

என் இடது காது மடலில் ஒரு சிறிய பிளவு உண்டு. பிறவியிலேயே.

"குல்லாய் போட்டிருந்தானுங்களே, காது எப்படித் தெரிஞ்சுது?" என்றார் பேராசிரியர்.

"அதை மறைக்கத்தானுங்க குல்லாயே."

நாற்பதுக்கு நாற்பதும் தவறு. பேராசிரியர் ஆனந்தத்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவ்வளவு சுத்தமான தவறு உலகத்தில் வேறெங்கும் கிடைத்ததில்லையாம்.

இத்தகைய செல்வத்தைப் பூட்டி வைக்கலாமா? 'தரவுப் பகிர்வு' என்ற உயர்ந்த கொள்கைப்படி எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றினார். அதற்குமுன் 'தரவுச் சுத்திகரிப்பு' நடந்தது. என் அந்தரங்கத்தைக் காப்பதற்காக என் பெயரை நீக்கினார்கள். காது, மூக்கு, வலது காலைச் சற்றே இழுத்து நடப்பது, இடுப்பில் பொடி மட்டை ஆகியவற்றை விட்டுவைத்தார்கள். அவை பெயர் இல்லையே. நாற்பது வாக்குமூலங்களிலும் 'மாதிரி' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்ததால், தேவையற்றது என்று அதையும் நீக்கினார்கள். 'நாலாவது ஆள் மாதிரி' என்பது 'நாலாவது ஆள்' ஆயிற்று. புகைப்படத்தில் என் கண்களின் மேல் கறுப்புப் பட்டை ஒட்டினார்கள். பட்டை ஒட்டினால் கோயில் சொரூபத்தில் நிற்கும் புனிதர்கூட அடகுக்கடையில் கன்னம் வைத்தவராகத்தான் தெரிவார். 'திருடன் இந்த வரிசையில் இல்லை' என்ற விவரம் அடிக்குறிப்பில், எறும்பு எழுத்தில், பத்திரமாக இருந்தது.

படம் வாட்ஸப்பில் பள்ளிபாளையம் வரை போய்த் திரும்பி வந்தது. வரும்போது 'நாற்பது சாட்சிகள் அடையாளம் காட்டிய பலே திருடன்' என்ற பட்டத்தையும் வாங்கி வந்தது.

அந்தச் சமயத்தில்தான் தோஹாவில் இருக்கும் என் மகள் நான்சிக்குப் பிரசவத் தேதி குறித்தார்கள். மனைவி அக்சிலியாவுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. என்னை மட்டும் பாஸ்போர்ட் 'விசாரணை'க்குக் கூப்பிட்டார் ஏட்டு சரவணமுத்து. தம் செல்போனை என் காதுக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாற்பது சாட்சி, பெரியவரே. எங்களுக்குக் கொலைக் கேசுக்கே ரெண்டு சாட்சி சிக்கறதில்ல."

"நான் டீ கொடுத்தவன், ஐயா."

"அந்த நாலாம் நம்பர் நீங்கதான், ஆனா திருடலைன்னு புரொபசர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்."

வீட்டில் அக்சிலியா சொன்னாள்: "நாற்பது வருசமா உங்க மூஞ்சியைப் பாக்கறேன், எனக்கே கூட்டத்துல தேடணும். அவங்களுக்குப் பத்து செகண்டுல தெரிஞ்சுபோச்சா? அடுத்த மாசம் பேரப்புள்ள பொறந்துரும். அதுக்குள்ள உங்க விஞ்ஞானத்தை முடிச்சுட்டு வாங்க."

டீயோடு பேராசிரியர் அறைக்குப் போனேன்.

"நாலாம் எண் யாருன்னு நான் சொல்லவே கூடாதுங்க," என்றார். "ரகசியம் காப்பேன்னு நாலாம் எண்ணுக்கு எழுதிக் கொடுத்திருக்கறேன்."

"எனக்குத்தானே சார் எழுதிக் கொடுத்தீங்க. நான்தானே நாலாம் எண்?"

"அப்படீன்னு நீங்க சொல்றீங்க. யார் சொல்றதையும் நம்பக் கூடாதுங்கறதுதானுங்களே என்னோட முடிவு."

"அப்ப இணையத்துலேர்ந்து எடுத்துடுங்க."

"பதினொரு நாட்டுக்காரங்க இறக்கிட்டாங்க. ஊடு ஊடாப் போய்த் திருப்பி வாங்க முடியுமுங்களா?" டீயை உறிஞ்சியபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆமா, உங்களை எங்கியோ பாத்த மாதிரி இருக்குதுங்களே."

ஆறு வருடமாக அவருக்கு டீ கொடுக்கிறேன்.

நேராக நிலையத்துக்குப் போனேன்.

"லெட்டர்?" என்றார் ஏட்டு.

"லெட்டர் இல்லீங்க. புகார். ஒரு பொருள் களவு போச்சு."

"என்ன பொருள்?"

"முகம், ஐயா. ஒண்ணு. இடது காதோட."

ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார். "இந்தப் புகாரை நான் எடுத்தா, புரொபசர் இங்க வந்து, அது உங்க மூஞ்சிதான்னு எழுதிக் கொடுத்தே ஆகணும்."

"அதனாலதாங்க வந்தேன்."

மறுபடியும் பேனாவை எடுத்தார். "எடுத்த ஆளோட அடையாளம்?"

"வழுக்கை. தங்க பிரேம் கண்ணாடி. சட்டைப் பையில மூணு பேனா. டீக்குச் சர்க்கரை தூக்கலா வேணும். பேரு தமிழரசு."

ஏட்டு எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார்: "பேராசிரியர் தமிழரசு மாதிரி ஒருவர்..."

"அந்த 'மாதிரி'யை எடுத்துடுங்க, ஐயா," என்றேன். "சுத்திகரிப்பு."