ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு காடு

காளானை ஒருதரம்கூட வாயில் வைக்காமல், காளானுக்காகவே சோறு தண்ணீர் மறந்த பிரகிருதி உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எனக்கு ரூம்மேட்டாக வந்து வாய்த்தார். ஆரணியில் அவருக்குப் பெயரே ‘காளான்’. சொந்தப் பெயரில் தபால் வந்தால், “இங்க அப்படி யாரும் இல்லியே” என்று தபால்காரர் திரும்பிப் போய்விடுவார்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்தேன். அவர் ஆராய்ச்சி மாணவர். மழைக்காலம் வந்தால் ஞாயிறு விடிந்ததும் படவேட்டு பஸ் பிடிப்பார். மலையடிக் காட்டில் நாளெல்லாம் தவழ்ந்துவிட்டு, பொழுதுசாயச் சேறும் சகதியுமாக வந்து, என் தலையணைமேல் காளான்களைப் பரப்புவார். “பருத்தி ஈரத்தை நல்லா இழுக்கும் சார்” என்று விளக்கம் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவரைத் தூங்கவிடாத கேள்வி ஒன்றே ஒன்றுதான். காட்டுக்குள் ஓர் ஓடை. இந்தக் கரைக் காளானுக்கும் அந்தக் கரைக் காளானுக்கும் என்ன உறவு?

“ரெண்டும் காளான்தானேய்யா!” என்றேன்.

“மேல தெரியறது காய் மாதிரி சார். உடம்பு மண்ணுக்குள்ள நூல் நூலா ஓடிகினு இருக்குது.”

பக்கத்து வீட்டு நெசவாளர் இதைக் கேட்டுவிட்டு, “நூல் கனம் எத்தினி டெனியர் வரும்?” என்று அக்கறையாக விசாரித்தார்.

கண்டுபிடிக்க வழி இருந்தது. இரண்டு காளானின் நூலையும் ஒரே கண்ணாடித் தட்டில் எதிரெதிரே வளரவிட வேண்டும். ஒரே உடம்பு என்றால் இரண்டும் பின்னிக்கொள்ளும். அன்னியம் என்றால் நடுவில் கோடு போட்டுக்கொண்டு நின்றுவிடும். அதுவரை நூலைச் சின்னச் சின்னக் குப்பிகளில் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். ஆரணி வெயிலில் அது செத்துப்போனால் அடுத்த மழை வரை ஆராய்ச்சி அம்பேல்.

தெருவிலேயே ஒரே ஃப்ரிட்ஜ் எங்கள் ஹவுஸ் ஓனர் அம்மா வீட்டில். அவரோ சமணர். பக்கத்தில் இருக்கும் திருமலைச் சமணக் கோயிலுக்கு மாதம் தவறாமல் போகிறவர். கிழங்கு தொடமாட்டார், பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டார், காளான் என்றாலே முகம் சுளிப்பார். அவர் முன்னால் இந்த மனுஷர் குப்பிகளோடு போய் நின்றார். நான் பெட்டி கட்டத் தயாரானேன்.

“இன்னாப்பா இது, திங்கறதுக்கா?”

“இல்லம்மா, வளக்கறதுக்கு.”

“உசுரு இருக்குதா?”

“இருக்குதும்மா.”

அம்மா யோசித்தார். “அப்ப வை. ஆனா உன் கையால ஒண்ணும் சாவக்கூடாது, சொல்லிட்டேன்.”

காளான் தலையாட்டிவிட்டார். அன்று முதல் கீழ்த்தட்டு காட்டுக்குச் சொந்தம். கரண்ட் போனால் அம்மா ஒருத்தரையும் கதவைத் திறக்கவிடமாட்டார். பேரப்பிள்ளைகள் ஐஸ் தண்ணீர் கேட்டால், “பேஜார் பண்ணாதீங்கடா, அதுங்க தூங்குது” என்று விரட்டுவார்.

பதில் வந்தது. ஒரே கரையில், கையெட்டும் தூரத்தில் முளைத்த இரண்டு காளான்கள் நடுவில் கோடு போட்டு முறைத்துக்கொண்டன. அக்கரை நூலை வைத்ததும் அதிலொன்று போய்ப் பின்னிக்கொண்டது.

“எப்பிடிய்யா?” என்றேன்.

“இது மொதல்லயே இருந்திருக்கும் சார். ஓடைதான் அப்புறம் குறுக்க வந்திருக்கும்.”

அன்றைக்கு நான் மெஸ்ஸுக்குப் போகக்கூட மறந்து அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைத் திட்டக்கூடத் தோன்றவில்லை.

சென்னையில் இருந்த அவருடைய கைடு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நூலை அரைத்து மரபணுவைப் பார்த்தால்தான் பட்டம் என்றுவிட்டார்.

“உன் கையாலதானே சாவக்கூடாதுன்னாங்க? அவரு கையால அரைக்கட்டும். இந்தம்மாவுக்கு இன்னா தெரியப்போவுது?” என்று நான் வழி சொன்னேன். காளான் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு விறுவிறுவென்று கீழே அம்மா வீட்டுக்கு இறங்கிப் போனார்.

“அம்மா, இதுல பாதியை அரைக்கணும். இல்லன்னா இத்தினி வருஷப் படிப்பும் போச்சு.”

அம்மா ஒரு குப்பியை எடுத்து முந்தானையால் துடைத்தார். “சரின்னு என் வாயால சொல்லமாட்டேன்பா. வேணாம்னு சொல்லி உன் படிப்பைக் கெடுக்கவும் மாட்டேன்.” குப்பியைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, “மீதிய எங்க எடுத்தியோ, அங்கயே கொண்டுபோய் விட்டுடு” என்றார்.

நண்பர் ஒருவர் மூலம் பாதிக் குப்பிகள் சென்னைக்குப் போன அன்று அம்மா பட்டினி. போகப்போகும் உயிருக்காக அவர் இருந்த நோன்பு அது. மெஸ்ஸில் பார்த்தால் காளானும் இலையில் கை வைக்கவில்லை.

“யோவ், சாம்பார் ஆறுது.”

“பசிக்கல சார்.”

அவர் வயிறு கத்தியது எனக்கே கேட்டது.

மரபணுவும் அதையேதான் சொன்னது. இரண்டு கரையும் ஒரே உடம்பு. பட்டமும் கிடைத்தது. மழை பிடித்ததும் மூன்று பேரும் படவேட்டு பஸ் ஏறினோம், மீதிக் குப்பிகள் அம்மா மடியில்.

“எந்தக் கரையில விடறதும்மா?”

“ஒரே உடம்புன்னியே! ரெண்டு பக்கமும் விடு.”

காளான் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டித் தாண்டி, ஒவ்வொன்றாகச் சருகுக்கடியில் வைத்தார். கூடப் போன பாவத்துக்கு என் செருப்பு ஓடையோடு போயிற்று.

பிறகு வடக்கே எங்கோ அவருக்கு வேலை கிடைத்தது. செல்போன் வந்த பிறகு, ஐப்பசி பிறந்தால் போதும், போன் அடிக்கும்.

“சார், படவேட்ல மழையா?”

“எனக்கு வேற வேல இல்லன்னு நினைச்சியா?” என்று கத்திவிட்டு வைத்துவிடுவேன். மறுநாள் காலை குடையும் கையுமாகப் படவேட்டு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன். இரண்டு கரையும் நன்றாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து சொன்னால்தான் அந்தக் கிறுக்கனுக்குத் தூக்கம் வரும். எனக்கும்தான்.