காளவாசல் வரை போகும் அவசரம்

மதிப்பிற்குரிய திருநகர் வீட்டுக்கார அண்ணன் உக்கிரபாண்டி அவர்களுக்கு, கோரிப்பாளையம் காம்பவுண்டில் தங்கள் நடு வீட்டில் குடியிருக்கும் அப்துல் வஹீது சலாம் சொல்லி எழுதிக்கொண்டது. தாங்களும் அண்ணியும் பிள்ளைகளும் ஆண்டவன் கிருபையால் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் என் வீட்டுக்காரி சபியாவுக்கு நாலு நாளாக நீர்க்கடுப்பும் காய்ச்சலும் இருப்பதால், பாதி சுகம் என்று எழுதுவதுதான் நியாயம். மூன்று மாதத்தில் இது இரண்டாவது தடவை. அதற்கும் வீட்டுக்காரருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது அண்ணே, பொறுமையாகப் படிக்கவும்.

ரமலான் முடிந்ததிலிருந்து சபியா வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாள் காளவாசலில் இருக்கும் தங்கச்சி ஹஃபீஸா வீட்டுக்கு பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள். போன வேகத்தில் திரும்பியும் வந்துவிடுவாள். கூடப்பிறந்தவர்கள் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று நான் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். போதாததற்கு என் தம்பிக்குப் போன் போட்டு, "நீயும் இருக்கியே, மூணு வருசத்துல ஒருக்கா எட்டிப் பாத்தியா?" என்று சண்டை வேறு பிடித்தேன். இந்தக் காய்ச்சலுக்கு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனபோதுதான் குட்டு உடைந்தது. "ஒரு நாளைக்கு எம்புட்டும்மா தண்ணி குடிப்பீங்க?" என்று அவர் கேட்க, "ரெண்டு டம்ளர். காளவாசல் போற அன்னைக்கு மட்டும் அஞ்சாறு டம்ளர்" என்றாள் சபியா. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "காளவாசல்ல அப்படி என்னம்மா இருக்கு?" "தங்கச்சி வீட்டுல ரெண்டு பாத்ரூம் இருக்குங்க." அண்ணே, எனக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. தம்பியிடம் இந்த விவரத்தை நான் இன்னும் சொல்லவில்லை.

பிறகு டாக்டரம்மா எனக்கும் சேர்த்துப் பாடம் எடுத்தார். நீர்க்கடுப்பைக் கொண்டுவரும் கிருமிக்கு எதிராக உடம்புக்குள்ளேயே காவல் இருக்கிறதாம். கிருமி மேலே ஏறப் பார்த்தால், சிறுநீர் போகிற வேகமே அதை அடித்துக்கொண்டு வெளியே போய்விடுமாம். சிறுநீரில் இருக்கிற லேசான புளிப்பும் பல கிருமிகளுக்கு ஆகாதாம். அதையும் தாண்டி நீர்ப்பைச் சுவரில் ஒன்று ஒட்டிக்கொண்டால், சுவர் தன் மேல் தோலையே உரித்து அதோடு சேர்த்து வெளியே தள்ளுமாம். பெண்களுக்கு வாசலிலேயே நல்ல கிருமிகள் கூட்டமாக இடம் பிடித்து உட்கார்ந்து கெட்டதை அண்டவிடாதாம், ஆனால் அவர்களுக்குச் சிறுநீர் வரும் பாதை குட்டை என்பதால் கெட்டது சீக்கிரம் ஏறிவிடுமாம். "பாய், இம்புட்டுக் காவல் இருக்கு. தண்ணியும் குடிக்காம, வந்ததையும் அடக்கி வச்சா, காவக்காரன் என்ன செய்வான்? மாத்திரை தாரேன், பாதியில நிறுத்தாம முழுசாச் சாப்பிடணும். ஆனா வீட்டு ஏற்பாட்ட நீங்கதான் மாத்தணும்" என்றார்.

வீட்டு ஏற்பாடு தாங்கள் அறிந்ததே. மூன்று வீடு, பதினொரு பேர், கொல்லையில் ஒரே ஒரு கழிப்பறை. முப்பத்தொரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவன் சும்மா இருப்பேனா? இரண்டு நாள் காலையில் குழாயடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே என்று நோட்டில் குறித்தேன். முன் வீட்டு பீமாராவ் பதினாலு நிமிடம், அதில் பஜனைப் பாட்டு மூன்று. கடைசி வீட்டுப் பாண்டியம்மாள் ஒன்பது நிமிடம், அதில் வாளி கழுவும் சத்தம் மட்டும் ஐந்து. என் வீட்டுக்காரி மூன்றே நிமிடம். ஆனால் அந்த மூன்று நிமிடத்துக்கு அவள் மூன்று தடவை போய், ஆள் இருக்கிறது என்று திரும்பி வருகிறாள். பிறகு எதற்கு வம்பு என்று தண்ணீரையே குறைத்துக்கொள்கிறாள். "ராவ்ஜி, பாட்ட வெளிய வந்து பாடுங்களேன்" என்று தன்மையாகத்தான் கேட்டேன். அதற்கு அவர், "எங்க டைம நீங்க எடுக்குறீங்க பாய், உங்க டைம யாரு எடுக்குறது?" என்கிறார். பாண்டியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுகிறது. இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

ஆகையால் அண்ணே, முருங்கை மரத்தை ஒட்டிக் கிடக்கிற காலி இடத்தில் இன்னொரு கழிப்பறை கட்டித் தரவேண்டும். விளையாட்டுக்கு எழுதவில்லை. முந்தாநாள் குளிர் நடுக்கத்தில் அவள் என் கையைப் பிடித்த பிடியில் எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. திரும்பத் திரும்ப வந்தால் கிட்னி வரை போய்விடும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். முப்பத்தாறு வருஷமாக வாய் திறந்து ஒன்றும் கேட்காதவள், அவசரத்துக்குக்கூட ஊர் தாண்டிப் போயிருக்கிறாள் என்றால் கேட்கிற எனக்கே வெட்கமாக இருக்கிறது. இந்தக் காம்பவுண்டில் அடுத்தவர் கஷ்டத்தை நினைத்துப் பார்க்க என்னைத் தவிர ஒரு ஆள் இல்லை.

அண்ணிக்கு எங்கள் சலாம். தங்கள் வீட்டில் குழாயில் தண்ணீரும் எல்லோருக்கும் ஆரோக்கியமும் குறைவில்லாமல் வர துஆ செய்கிறேன்.

இப்படிக்கு,
அப்துல் வஹீது

பி.கு.: எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும், தொடையில் வைத்து எழுதினேன். வீட்டுக்குள் டிவி சத்தம், வாசலில் பேச்சுச் சத்தம். மனிதன் நிம்மதியாக உட்கார்ந்து பேப்பர் படிக்கவும் கடிதம் எழுதவும் இந்தக் காம்பவுண்டில் இந்த ஒரு இடம்தானே இருக்கிறது? தாங்கள் போன வருஷம் போட்டுக்கொடுத்த வெஸ்டர்ன் டாய்லெட்டும் உட்கார வசதி. இப்போதுதான் வாட்சைப் பார்த்தேன், முப்பத்தெட்டு நிமிடம் ஆகியிருக்கிறது. யாரோ கதவைத் தட்டினார்கள். ராவ்ஜியாக்கும் என்று நினைத்து, "ஆள் இருக்கு!" என்று சத்தம் போட்டேன். "தெரியும்ங்க. நான்தான், மூணாவது தடவையா வாரேன்" என்கிறாள் சபியா. அண்ணே, இன்னொன்று கட்டுவதைத் தாங்கள் சவுகரியம் போலப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் நான் எழுந்திரிக்கிறேன்.